பாதி பலம் போதும்

வாக்படர் எழுதிய ‘அஷ்டாங்க ஹிருதயம்’ ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு நூல். கேரளத்து அஷ்டவைத்தியர் குடும்பங்களில் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துதான் வைத்தியத்துக்குள் நுழைந்தார்கள். ஆயுர்வேதக் கல்லூரிகளில் இன்றைக்கும் இது பாடநூல். மொத்தம் 120 அத்தியாயங்கள். காய்ச்சல், குன்மம், பாண்டு என்று நோய்களின் வரிசை தொடங்குவதற்கு வெகு முன்னால், இரண்டாவது அத்தியாயத்திலேயே, நோயில்லாத ஒருவர் ஒரு நாளை எப்படிக் கழிக்க வேண்டும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. தினசரியை என்று அதற்குப் பெயர். விடியுமுன் எழுவதில் தொடங்கி, ஆல், எருக்கு, கருங்காலி, புங்கு போன்ற மரங்களின் குச்சியால் பல் துலக்குவது, கண்ணுக்கு மை, மூக்கில் மருந்து, வாயில் நீரோ எண்ணெயோ வைத்துக் கொப்பளிப்பது, உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது, உடற்பயிற்சி, குளியல் என்று போகிறது.

இன்று ‘யோகாவும் ஆயுர்வேதமும்’ என்று இரட்டைப் பிள்ளைகளைப் போலச் சேர்த்துச் சொல்லியே பழகிவிட்ட நமக்கு, அந்த அத்தியாயத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அதில் ஆசனம் கிடையாது. சூரிய நமஸ்காரம் கிடையாது. உடற்பயிற்சி என்று பொதுவாகத்தான் சொல்லியிருக்கிறது. அதற்கும் ஒரு கட்டுப்பாடு: பலசாலியும், நெய்ப்பண்டம் சாப்பிடுகிறவரும், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தங்கள் பலத்தில் பாதி அளவுக்குச் செய்யலாம். மற்றக் காலங்களில் அதற்கும் குறைவாக. அளவு மீறினால் தாகம், மூச்சிரைப்பு, இருமல், காய்ச்சல் என்று ஒரு பட்டியலும் போட்டு, யானையை இழுத்துப் போட்டுத் தானும் விழுந்த சிங்கத்தின் கதிதான் என்று எச்சரிக்கிறார் வாக்படர். குளிர்காலம் என்ற ஒன்றை நாள்காட்டியில் மட்டும் பார்க்கிற சென்னைவாசி இந்தக் கணக்கின்படி ஆண்டில் பெரும்பகுதி பாதிக்கும் கீழேதான் நிற்க வேண்டும். மே மாதக் காலை ஏழு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வேர்த்து விறுவிறுத்து ஓடுகிறவர்களை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பாதி பலம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாய் உலர்ந்து, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கும் கட்டம் அது என்று ஆயுர்வேத மரபு அடையாளம் சொல்கிறது. அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்றைய உடற்பயிற்சி அறிவியலிலும் இதை ஒட்டி ஒரு சோதனை இருக்கிறது. நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கடும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. கருவி எதுவும் இல்லாமல், மூச்சையும் வியர்வையையும் மட்டும் கவனித்து, பழைய வைத்தியர்கள் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆயுர்வேதத்துக்கு அடிப்படையான வாத, பித்த, கபக் கோட்பாட்டை ஆய்வுக்கூடத்தில் அளந்து நிரூபித்துவிட முடியாது. நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஆனால் ஒருவர் தன் உடம்பைக் கவனித்துக் குறித்துவைக்க உதவும் ஏடாக அதை எடுத்துக்கொண்டால், அதில் கற்க நிறைய இருக்கிறது.

யோகத்தின் பக்கம் வருவோம். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறத்தாழ 195. அதில் ஆசனத்தைப் பற்றிப் பேசுவது மூன்றே சூத்திரங்கள். அதுவும் அசையாமல், சுகமாக உட்கார்வதைப் பற்றி. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் பேசும்போதும் ஆசனம் எட்டு உறுப்புகளில் ஒன்றுதான். 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களைச் சொல்கிறது. பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதை 32. பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற நூலில் அது ஏறத்தாழ 200 ஆகிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்பது சுவாரசியமான கதை. அதில் மைசூருக்கும் சென்னைக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை அமைந்தது. ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் துள்ளித் திரியும் பையன்கள். நின்று, குதித்து, வளைந்து, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் ஆசன வரிசைகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஊர் ஊராகச் செயல்விளக்கம் காட்டினார். அந்தப் பயிற்சியில் அக்காலத்து ஜிம்னாஸ்டிக்ஸின் சாயல் எவ்வளவு, பழைய மரபு எவ்வளவு என்று ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குப் பிறகு அது சூடு பிடித்தது. கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்களான பட்டாபி ஜோயிஸும் ஐயங்காரும் இந்திரா தேவியும் அந்த விதைகளைத்தான் உலகெங்கும் கொண்டுபோனார்கள். இன்று நியூயார்க்கில் காலை ஆறு மணிக்குப் பாய் விரிப்பவர் செய்வதில் பெரும்பகுதி இந்த அரண்மனைக் கூடத்தில் உருவானது.

அவ்வளவாகப் பேசப்படாதது கதையின் பிற்பகுதி. சுதந்திரத்துக்குப் பின் மைசூர் யோகசாலை மூடப்பட்டு, கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். இங்கே அவரிடம் வந்தவர்கள் வாதநோய் கண்டவர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், முதுகு பிடித்துக்கொண்ட குடும்பஸ்தர்கள், வயதானவர்கள். அவர் கற்பிக்கும் முறையும் மாறியது. ஒரு நேரத்தில் ஒருவர். நாடி பார்ப்பார், சாப்பாடு பற்றிக் கேட்பார், மூச்சு எப்படி ஓடுகிறது என்று கவனிப்பார். பிறகுதான் அவருக்கென்று நாலைந்து அசைவுகள். தந்தையின் இந்தச் சென்னைக் காலத்து முறையைத்தான் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் என்ற பெயரில் நிறுவனமாக்கினார். உலகம் பிடித்துக்கொண்டது மைசூர்ப் பையன்களின் பயிற்சியை. ஐம்பது வயதில், சர்க்கரையும் மூட்டுவலியுமாக முதல்முறையாகப் பாய் வாங்குகிறவருக்குத் தேவைப்படுவது சென்னைப் பயிற்சி. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டை மாடி வகுப்புகளில் இருபது வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒரே வரிசை, ஒரே எண்ணிக்கை. இந்தக் குழப்பத்தில்தான் பல கழுத்துகளும் முழங்கால்களும் பாழாகின்றன என்பது என் எண்ணம்.

யோகாவால் என்ன பயன் என்று ஆய்வுகளைப் பார்த்தால், விளம்பரத்தில் கேட்கும் குரலைவிட அடங்கிய குரலில்தான் பதில் வருகிறது. நாள்பட்ட இடுப்புவலிக்கு யோகா பலன் தருகிறதா என்று காக்ரேன் அமைப்பு 2017இல் 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரை முன்னேற்றம். வேறு உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனில் 320 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு, இடுப்புவலிக்குப் பிசியோதெரபிக்கு யோகா சளைத்ததல்ல என்று கண்டது. மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கு யோகா உதவுமா என்று நம் நாட்டிலேயே 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2020இல் வெளியாயின. மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றை யோகா குறைத்தது என்று உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலையைப் பற்றி மேலான மதிப்பீடு தந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மாரடைப்புக்குப் பின் வீட்டு வாசல் தாண்டப் பயந்து கட்டிலிலேயே கிடக்கும் ஒருவர் மறுபடி கடைக்குப் போய்வரத் தொடங்குவது சின்ன விஷயமா? மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சுப்பயிற்சி செய்தால் போதும் என்ற பேச்சுக்குத்தான் இந்த ஆய்வில் இடமில்லை. லோனாவ்லாவில் 1924இல் கைவல்யதாமத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர், எக்ஸ்ரே எடுத்தும் உடலுக்குள் அழுத்தத்தை அளந்தும் ஆசனத்தையும் கிரியைகளையும் பரிசோதித்தார். அளந்து பார்க்கலாம் என்ற துணிவு அந்தக் காலத்திலேயே நமக்கு இருந்தது. அளந்து வந்த முடிவை உள்ளபடி ஏற்றுக்கொள்ளும் பழக்கம்தான் இன்னும் பிடிபடவில்லை.

எண்ணெய்க் குளியலுக்கு வருகிறேன். நம் வீடுகளில் இது வடமொழி நூலைப் பார்த்து வந்த பழக்கமல்ல. சித்த மருத்துவ மரபு தனியாகவே இதை வற்புறுத்துகிறது. நோய் அண்டாமல் இருக்கத் தேரையர் பெயரால் வழங்கும் விதிகளில், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் மருந்து என்று கால அட்டவணையே இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மோரை நீர் சேர்த்துப் பெருக்கு, நெய்யை உருக்கி ஊற்று என்பதும் அங்கேதான். வாக்படரோ தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். குறிப்பாகத் தலை, காது, உள்ளங்கால் இந்த மூன்றையும் விடாதே என்கிறார்.

சனிக்கிழமைக் காலை முறையாகக் குளித்த வீடுகளில் இதெல்லாம் யாரும் படிக்காமலே நடந்தது. நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கும்வரை காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் முதல் கை வைப்பார்கள். பிறகு காதோரம், பிடரி, முழங்கால், உள்ளங்கால். அரைமணி நேரம் ஊறிய பிறகு சீயக்காய்த் தூளை வடித்த கஞ்சியில் கரைத்து வெந்நீரில் குளியல். அன்றைக்கு மிளகு ரசம். தயிரும் பழையதும் கிடையாது, பகலில் கண் அசரவும் கூடாது. சளி பிடித்திருந்தாலோ வயிறு மந்தமாக இருந்தாலோ அந்த வாரம் எண்ணெய் வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிடுவாள். கபம் மிஞ்சியவருக்கும் அஜீரணக்காரருக்கும் எண்ணெய் ஆகாது என்று அஷ்டாங்க ஹிருதயமும் சொல்கிறது. வறண்ட தோலுக்கு எண்ணெய் பதம் தருகிறது, ஒரு கை பொறுமையாகத் தேய்த்துவிடுவதில் தசை இளகுகிறது, வாரத்தில் ஒரு முற்பகல் அவசரமில்லாமல் கழிகிறது. இதற்கு மேல் பெரிய பலன்களை ஏற்றிச் சொல்ல ஆதாரம் போதாது, தேவையும் இல்லை.

இதே எண்ணெய் எங்கே ஆபத்தாகிறது என்றும் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. ‘சளி வெளியே வரும்’ என்பார்கள். விட்ட எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே கரையாமல் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிந்த, தென்னிந்தியாவில் பலமுறை பதிவாகியுள்ள நோய் இது. மூக்கில் மருந்து விடுவதற்கு ஏழு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அஷ்டாங்க ஹிருதயமே எல்லை வைக்கிறது. பிறந்தது முதல் அது அனுமதிப்பது மிகச் சிறிய அளவை மட்டும். இன்றைய மருத்துவம் பச்சைக் குழந்தைக்கு அந்தத் துளியும் வேண்டாம் என்கிறது. இதில் மருத்துவர் சொல்வதைக் கேட்பதே சரி.

எண்ணெய்க் கொப்பளிப்பு 1990களில் சர்வரோக நிவாரணியாக ஊரெங்கும் பரவியது பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் 2008இல் வளரிளம் பையன்கள் 20 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களின் வாயில் பற்சொத்தைக் கிருமி குறைந்தது. வாய்க்கு நல்லது என்பதுவரை சரி. மூட்டுவலியும் ஆஸ்துமாவும் போய்விடும் என்று அதிலிருந்து தாவியது மனிதர்களின் ஆசை.

பழக்கங்களைவிட எனக்கு அதிகக் கவலை தருபவை டப்பாக்கள்தான். ஆயுர்வேதத்தின் தினசரியை அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் கிடைப்பதை வைத்து நடப்பது. அதைக் கடையில் வாங்கும் மாத்திரையாகவும் பொடியாகவும் மாற்றியதில் தொல்லை தொடங்கியது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. இணையத்தில் விற்றவற்றை 2008இல் பார்த்தபோதும் ஐந்தில் ஒன்று அப்படியே. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தினமும் காய்ச்சிக் குடித்து ஈரல் பாதிப்புக்கு ஆளான ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சீந்தில் மீது எனக்குப் பகை இல்லை. வைத்தியர் நாடி பார்த்து, இன்னாருக்கு இவ்வளவு நாள் என்று கொடுத்த மூலிகையைத் தெரு முழுக்கக் கணக்கில்லாமல் குடித்தால் எந்த வைத்தியமும் பொறுப்பேற்காது.

சாப்பாட்டில்தான் யோகமும் ஆயுர்வேதமும் உண்மையிலேயே கைகோர்க்கின்றன. வயிற்றில் இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர், மீதி ஒரு பங்கைக் காலியாக விடு என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். கால் வயிற்றைக் காலியாக விடச் சொல்லித்தான் ஹடயோகப் பிரதீபிகையும் மித உணவைப் பேசுகிறது. வள்ளுவர் ‘மருந்து’ என்று தலைப்பு வைத்து எழுதிய அதிகாரத்தில் மூலிகையைத் தேடினால் கிடைக்காது. முன்பு உண்டது செரித்த பிறகு அடுத்ததை உண் என்பதைத்தான் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். தூக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. இரவில் விழித்திருக்க நேர்ந்தால், இழந்த நேரத்தில் பாதியை மறுநாள் காலை, சாப்பிடுவதற்கு முன் தூங்கிவிடு என்கிறார் வாக்படர். இரவுப் பணி முடிந்து வந்து இட்லியை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மாலைவரை தூங்கும் மென்பொருள் நிறுவனப் பிள்ளைகளும் மருத்துவமனைச் செவிலியரும் முயன்று பார்க்கக்கூடிய யோசனை இது.

தினசரியைக்கும் பருவ ஒழுக்கத்துக்கும் அடுத்து, அஷ்டாங்க ஹிருதயத்தின் நான்காம் அத்தியாயம் உடம்பின் வேகங்களைப் பற்றியது. இன்னொரு ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதை 13 வேகங்களைப் பட்டியலிடுகிறது: சிறுநீர், மலம், வாயு, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், தூக்கம், உழைப்புக்குப் பின் வரும் மூச்சிரைப்பு என்று போகும் பட்டியல். இவற்றை அடக்காதே, அடக்கினால் நோய். அடக்க வேண்டியவை பேராசை, கோபம், பொறாமை போன்றவை. பழைய வைத்திய நூல்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இதுதான். யோகா, ஆயுர்வேதம் என்று நடக்கும் கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஒரு பாயோ ஒரு பாட்டிலோ விற்க இதில் வழியில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

ஆனால் நம் ஊரில் அன்றாட நலம் உடைவது இங்கேதான். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! நெடுந்தூரப் பேருந்தில் ஓட்டுநர் நிறுத்தும் இடம் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், வண்டியோடு தெருவில் திரியும் தூய்மைப் பணியாளர்கள், வாடிக்கையாளர் இருக்கும்வரை நகர முடியாத ஜவுளிக்கடைப் பணிப்பெண்கள். காலையில் நின்றால் இரவு கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். காலில் நரம்பு சுருண்டு, சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் போகும் அந்தப் பெண்ணிடம், விடியுமுன் எழுந்து பிராணாயாமம் செய் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவள் ஏற்கெனவே விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பாதி பலத்தோடு நிறுத்திக்கொள்ள அவளுக்கு யார் அனுமதி தந்தார்கள்?

ஜூன் 21ஐ யோகா நாளாக ஐ.நா. அவை 2014இல் அறிவித்தபோது 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. ஒவ்வோராண்டும் மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக உட்கார்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல காரியம்தான். அதோடு சேர்த்துத் தமிழ்நாடு 2021இல் செய்த ஒரு காரியத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசு விதித்தது. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. தினசரியை எழுதிய வைத்தியர்கள் இன்று இருந்தால் அந்தச் சட்டத்தை வைத்திய நூல் வரிசையில் சேர்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, புடவையை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள்.